பாதாமுக்கு வேர்க்கவில்லை

"எந்த பிராண்டும்மா?" என்று கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? ஐம்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒயின் ஷாப் வரிசையில் நிற்கிறேன். கையில் காய்கறிப் பை. வேர்வையைத் துடைத்துத் துடைத்து முந்தானை ஈரமாகிவிட்டது. எனக்கு முன்னால் நின்ற நாலு பேரும், "நீங்க போங்கம்மா" என்று வழிவிட்டதில் நேராகக் கம்பி வலைக்கே வந்துவிட்டேன். யோசிக்க நேரமில்லை.

"குதிரைக்கு" என்றேன்.

வரிசையே தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

"குதிரை இன்னா பிராண்டு அடிக்கும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான அக்கறை.

"டாக்டர் பீர்னு மட்டும்தான் சொன்னாங்க."

"கூலிங்கா, சாதாவா?" இது கடைக்காரர்.

"கூலிங் ஒத்துக்குமான்னு தெரியலையே."

"சாதாவே குடு அண்ணாத்தே" என்று பின்னாலிருந்தவரே முடிவு செய்தார். "ஜல்பு புட்ச்சிக்கப் போவுது."

இரண்டு பாட்டில் வாங்கி, பையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையை வைத்து மூடிக்கொண்டு வெளியே வந்தேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடிக் கல்லூரி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அத்தனை ஜன்னலிலிருந்தும் பிள்ளைகள் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று நடந்தேன். மானம் போனாலும் பரவாயில்லை, பாதாம் போய்விடக் கூடாது. அன்றைக்கு என் மனசில் அந்தக் குதிரை ஒன்றுதான் இருந்தது.

நடுவில் ஒரு திருத்தம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் குதிரையிலிருந்து விழுந்ததை எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "ஏளா மல்லிகா, ரெண்டு மட்டம்லா விழுந்த? ஒண்ணுன்னு எழுதிருக்க?" என்றார். திருநெல்வேலிக்காரர். ஆவடிக்கு வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை, குத்தம் கண்டுபிடிப்பதும் மாறவில்லை. சரி, இரண்டு தடவைதான். திருப்தியா?

எனக்குக் கொட்டியது

ஆவடியில் சிப்பாய்களுக்கு உடுப்பு தைக்கும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். சட்டைக் காலர், கால்சட்டை இடுப்புப் பட்டி, குளிர்கோட்டு, கொசு வலை, எல்லாம் இந்தக் கையில் போயிருக்கிறது. கழுத்தும் முதுகும் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். அம்பத்தூர் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்த சமயத்தில் எனக்கு மாதவிடாய் நின்றது.

அதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பேன். திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு அனல் கிளம்பித் தலைக்கு ஏறும். அடுத்த நிமிஷம் குடம் குடமாக வேர்வை. ஃபேன், ஏசி எதுவும் செல்லுபடியாகாது. அழுகை வரும், எரிச்சல் வரும், யாராவது "என்ன ஆச்சு?" என்று கேட்டால் அவர்மேல் விழுந்து பிடுங்குவேன். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார்.

நடக்கப் போன இடத்தில்தான் குதிரையைப் பார்த்தேன். பூந்தமல்லிக்கு வெளியே ஒரு பெரிய லேஅவுட், பாதிக்கு மேல் விற்காத மனைகள். மனைக் கற்களுக்கு நடுவே ஒரு பழுப்புக் குதிரை வட்டமாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தகரக் கொட்டகையில் "குதிரை சவாரி கற்றுத் தரப்படும்" என்று போர்டு. உள்ளே போய், "எனக்கும் கத்துத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

கொட்டகைக்காரர் காதர் பாய்க்கு நாற்பது வயதிருக்கும். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் குடும்பம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் பொண்ணுக்காக்கா?"

"பொண்ணு பெங்களூர்ல இருக்கா. எனக்குத்தான்."

"முட்டி வலி கீதா?"

"இருக்கு."

"அப்ப கல்லு மேல ஏறி நின்னுகினு ஏறு" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

வீட்டுக்காரருடைய பழைய பேன்ட் இரண்டைப் பிரித்து எனக்கு அளவாகத் தைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் குனிந்தே உட்கார்ந்திருந்தவள், முதல் நாள் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தபோது அழுதுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எல்லாரையும் எல்லாவற்றையும் நான்தான் சுமந்திருக்கிறேன். என்னை ஒரு உயிர் சுமந்தது அதுதான் முதல் தடவை.

தொட்டாச்சிணுங்கி

அந்தப் பழுப்புக் குதிரைதான் பாதாம். ரேஸில் ஓடித் தோற்று, கை மாறிக் கை மாறி பாயிடம் வந்தவன். மாப்பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக் குதிரைதான் கேட்பார்கள், அதனால் இவனுக்கு ஊர்வல வேலை கிடையாது. சவாரி பழகுகிறவர்களுக்கு விட்டிருந்தார்.

ஆனால் யாரும் இவனிடம் இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் கவர் பறந்தால் துள்ளுவான். குடை விரித்தால் பின்வாங்கிக்கொண்டே போவான். எதிர் ஃபிளாட்டில் குக்கர் விசில் அடித்தால் காது இரண்டும் நட்டுக்கொள்ளும். சேணம் வைக்கப் போனால் திரும்பிக் கடிக்க வருவான்.

"திமிரு யக்கா இதுக்கு" என்பார் பாய்.

எனக்குத் திமிராகத் தெரியவில்லை. சேணத்துக்கு அடியில் போடும் மெத்தைத் துணியை வாங்கி உள்பக்கம் தடவிப் பார்த்தேன். நடு முதுகு வருகிற இடத்தில் தையல் மடிப்பு ஒன்று விரல் தடிமனுக்குப் புடைத்துக்கொண்டு இருந்தது. எவன் தைத்தானோ! என் தையல் லைனில் ஒருத்தி இப்படித் தைத்திருந்தால் முகத்தில் வீசியிருப்பேன். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்து, தட்டைத் தையலாகப் போட்டுக் கொண்டுவந்தேன்.

அடுத்த நாள் பாதாம் சேணத்துக்கு அசையாமல் நின்றான். பாய், "யக்கா, நீ இன்னா மந்திரம் போட்ட?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் குதிரையை எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு அன்றைக்கு ஏறியது. அதுதான் வினை.

என் கையால்

ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த லேஅவுட்டில் கொசு மொய்க்கும். பாதாமின் வயிறெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து, சொறிந்து சொறிந்து முடி கொட்டியது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நானோ உடுப்பு தைத்தவள். யார்மேல் பாசம் வந்தாலும் எனக்குத் தெரிந்தது துணி போர்த்துவதுதான். பொண்ணு பெங்களூர் போகும்போது ஆறு ஸ்வெட்டர் கட்டிக் கொடுத்தவள் நான். பாதாமுக்குக் கழுத்திலிருந்து வால்வரை அளவெடுத்தேன். கொசு கடி புகாத கெட்டித் துணி, உள்ளே மெத்தென்று ஃபிளானல், நெஞ்சில் பட்டி, வயிற்றில் நாடா. நாலு நாள் உட்கார்ந்து குதிரைக்கு ஒரு கோட்டு தைத்தேன். ஒரு சாயங்காலம் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். பாய் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். "மாப்ள கணக்கா கீறான்" என்றார்.

மறுநாள் விடியும்போதே பாயின் போன். "யக்கா, ஓடியா. குதிர மூச்சு வாங்குது."

போய்ப் பார்த்தால், மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து, விலா அடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறான். கோட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். மேலில் கை வைத்தேன். அடுப்புமேல் வைத்த கல்லாகச் சுட்டது, ஆனால் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஓடி வந்த எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒழுகுகிறது. அவன் காய்ந்துபோய் நிற்கிறான்.

ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தோம். கால்நடை டாக்டரம்மா வந்து ஜுரம் பார்த்தார். சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. கீழே கிடந்த கோட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"யார் தைச்சது?"

"நான்தான்."

"தையல் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம்தான் விளக்கினார். இந்தக் குதிரைக்கு வேர்க்கவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வேர்வைச் சுரப்பிகள் ஓய்ந்துபோய்விடுமாம். வேர்க்காவிட்டால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லை. பாதாம் ரேஸில் தோற்றது, கை மாறியது, எல்லாவற்றுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார். கோட்டு அதை வரவழைக்கவில்லை, ஆனால் ஆளை முடித்திருக்கும்.

மாசி வரைக்கும்

"சரியாகுமா டாக்டர்?" என்றேன்.

"குளிர்ந்த ஊருக்கு அனுப்பினா தானா சரியாயிடும். இங்கயே வெச்சிருந்தா நிச்சயமாச் சொல்ல முடியாது. சிலதுக்குத் திரும்ப வேர்க்குது. வந்தாலும் மறுபடி நிக்கலாம். வெயில் காலத்துக்குள்ள வேர்க்கலன்னா இங்க வெச்சிருக்கறது ஆபத்து."

பாய்க்கு ஊட்டியில் தெரிந்த ஒருவர் இருந்தார். சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை விடுபவர், வெகுநாளாகவே ஒரு குதிரை கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே பாய் அவருக்குப் போன் போட்டார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாசி வரைக்கும் பாக்கலாங்க்கா. பங்குனி வெயில்ல இத்த வெச்சிகினு அந்தப் பாவத்த நான் சொமக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினேன். "குதிரைய வித்துட்டா உங்களுக்குத் தொல்லை விட்டுது, அப்படித்தானே?"

"என் ஆசைக்கு அது சாவணுமா? இல்ல உன் ஆசைக்கு சாவணுமா?" என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் வழி முழுக்க அதே கேள்வி. ஊட்டிக்குப் போனால் அவன் பிழைப்பான், நான் அவனைப் பார்க்க முடியாது. இங்கே இருந்தால் எனக்கு அவன் இருப்பான், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கோட்டு விஷயத்திலேயே என் பாசம் எப்படிப்பட்டது என்று பார்த்தாகிவிட்டது. ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினேன். மாசி வரைக்கும் என்ன முடியுமோ அத்தனையும் செய்வது, அதற்கப்புறம் அழாமல் வண்டி ஏற்றிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

வாளி தனி

டாக்டரம்மா ஒரு மருந்துப் பொடி எழுதிக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு இருக்கு. குதிரைக்காரங்க பல காலமாச் செய்யறது. தீவனத்துல தினமும் ஒரு பாட்டில் பீர். சிலதுக்குக் கேக்குதுன்றாங்க. ஏன்னு என்னைக் கேக்காதீங்க."

பாய் தரையைப் பார்த்தார். அஞ்சு வேளை தொழுகிற மனுஷர்.

"மருந்துன்னு டாக்டரே சொல்றப்ப நான் தடுக்க மாட்டேங்க்கா. ஆனா நான் வாங்க மாட்டேன், தொட மாட்டேன். வாளி தனியா வெச்சிக்கோ. கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தாண்ட குடு."

என் வீட்டுக்காரரை அனுப்பலாம் என்றால், அவர் முப்பது வருஷமாக முருகன் மாலை போடுகிறவர். "நான் அந்தக் கடைப் பக்கம் போனா ஊர் என்ன சொல்லும்?" என்றார். ஊர் என்னை மட்டும் என்ன, மாலை போட்டு வரவேற்குமா? அப்படித்தான் நானே பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, முதலில் சொன்ன அந்த வரிசையில் போய் நின்றேன்.

பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் மனைக்கல்லில் தட்டி, பாதியைப் புடவையில் கொட்டிக்கொண்டேன். மீதியைத் தவிட்டில் கலந்து வைத்தேன். பிளாஸ்டிக் கவருக்குப் பயப்படுகிற என் வீரன், ஒரு முகர்வு முகர்ந்துவிட்டு வாளியின் அடிவரைக்கும் நக்கினான். பாய் கேட்டுக்கு உள்ளே நின்று முதுகைக் காட்டிக்கொண்டு, "குட்ச்சிட்டானா?" என்று மட்டும் கேட்டார். அன்று பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக

மருந்து ஒரு பக்கம், பழக்குவது ஒரு பக்கம். புதுசாக வேலைக்கு வருகிற பெண்ணிடம் முதல் நாளே நூறு காலர் கேட்டால் கை நடுங்கி எல்லாம் கோணலாகப் போகும். பத்தில் ஆரம்பித்து, கை படிந்த பிறகுதான் கூட்டுவேன். பாதாமையும் அப்படியே பழக்கலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சூட்டுக்கு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது நல்லதுதான் என்றார்.

மார்கழிப் பனியில் விடிவதற்கு முன் பத்து நிமிஷ நடை மட்டும். இறங்கி விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுவேன். ஒழுங்காக இருந்தால் நாலு நாள் கழித்துக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்புவோம். அப்புறம் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவிலான பெருநடை இரண்டு நிமிஷம், நிறுத்தம், எண்ணிக்கை. மூச்சு கூடினால் மறுபடி பழைய நேரம். தை பிறந்தபோது வெயில் முகத்தில் படுகிற நேரத்துக்கு வந்திருந்தோம். அவன் உடம்பு காய்ந்தேதான் இருந்தது.

இதற்கு நடுவில் என் அனல் வேறு. குதிரைமேல் இருக்கும்போது நெஞ்சில் அது கிளம்பும், நான் விறைத்துப்போய்க் கடிவாளத்தை இறுக்குவேன், அவன் தலையைத் தூக்கித் துள்ளுவான். ஒருநாள் வேறு வழியில்லாமல் கையைத் தளர்த்தி, மூச்சை நீளமாக விட்டு, "வந்துட்டுப் போகட்டும்டா" என்று அவனிடம் சொன்னேன். அவனும் கழுத்தைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்டான். அனல் வந்தது, போனது. நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். ஆறு மாதமாக வீட்டில் ஒருத்தர் விடாமல் கடித்துக்கொண்டிருந்தவள், அன்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

துடைத்துவிட்டு நின்றோம்

மாசி கடைசி வாரம். ஊட்டிக்காரர் வண்டி அனுப்பத் தயாராக இருந்தார், மறுநாள் சொல்வதாகப் பாய் வாக்குக் கொடுத்திருந்தார். நான் அன்றைக்குக் கடைசிச் சவாரி என்று நினைத்துத்தான் ஏறினேன். மனைக் கற்களைச் சுற்றிப் பெருநடை, வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகம். வெயில் நன்றாக ஏறிவிட்டது. இறங்கிச் சேணத்தைத் தூக்கினேன். மெத்தைத் துணி கையில் பிசுபிசுத்தது.

முதுகில் ஈரம். காதுக்குப் பின்னால் ஈரம். கழுத்தில் கடிவாள வார் உரசும் இடத்தில் வெள்ளையாக நுரை.

"பாய்! பாய்! வேர்க்குது!" என்று நான் கத்திய கத்தலில் கொட்டகையிலிருந்த ஊர்வலத்து வெள்ளைக் குதிரைகள் மூன்றும் கனைத்தன.

பாய் ஓடி வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"யக்கா... தப்பா நெனச்சிக்காத. இது உன் வேர்வ."

வந்ததே எனக்குக் கோபம்! "சேணத்துக்கு அடியில நானா போய் வேர்த்தேன்?"

"ஒழுகி எறங்கியிருக்குங்க்கா. நீ வேர்க்கறது எனக்குத் தெரியாதா?"

துண்டை எடுத்து அவன் கழுத்தையும் முதுகையும் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். கையை வைத்துக் காட்டினேன், சுத்தமாகக் காய்ந்திருந்தது. கயிற்றைப் பாய் கையில் கொடுத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இப்ப பாருங்க" என்றேன்.

நெடுஞ்சாலையில் லாரி சத்தம். பாதாம் ஒரு காலை ஓய்வாக மடித்து நின்றான். ஒருவேளை பாய் சொல்வது சரியாக இருந்தால்? அப்படியானால் நாளைக்கு வண்டி. முருகா, அல்லா, யாராவது ஒருத்தர் பாருங்கள் என்று வேண்டினேன்.

பாய் திடீரென்று குனிந்தார். கழுத்துப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி தொட்டார். முழு உள்ளங்கையையும் வைத்து, கழுத்திலிருந்து நெஞ்சுவரை இழுத்து, அந்தக் கையை என் பக்கம் நீட்டினார். கை பளபளவென்று நனைந்திருந்தது.

அவர் கண்ணும்.

அப்படியே, துடைத்துக்கொள்ளாமல், மற்றக் கையால் போனை எடுத்து ஊட்டிக்குப் போட்டார். ஸ்பீக்கரில் அந்த மனிதர், "வண்டி அனுப்பட்டுமா பாய்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"வேணாம் சார். குதிரக்கி வேர்க்குது."

"வேர்க்குதா? அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா?" என்று பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "யக்கா, ஏன் அங்கயே நிக்கற? வா, வந்து தொட்டுப் பாரு."